ஆற்றில் தண்ணீர் வரும்வரை

அட்டைப் பெட்டியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளைக் கிழித்ததும் எழுந்து வந்த வாசனையை அதற்கு முன் எங்கள் வீட்டில் நான் முகர்ந்ததில்லை. எங்கள் வீட்டில் எதை எடுத்தாலும் ஈர மண் வாசனைதான். சோற்றிலும் பாயிலும் என் பள்ளிக்கூடச் சட்டையிலும் அது ஏறியிருக்கும், ஏனென்றால் விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகளை ஒட்டியிருக்கும் எங்கள் தெருவில் பாதிப் பேர் கல்லையும் மண்ணையும் அரைப்பவர்கள், மீதிப் பேர் அதை வார்த்துத் துடைப்பவர்கள். பெட்டிக்குள்ளிருந்து வந்ததோ காய்ந்த மரத்தின் வாசனை, புதுப் பென்சிலைச் சீவியது போலக் கொஞ்சம் இனிப்பாக. பெட்டியின் மேல் நீலக் கடலும் வெள்ளைப் பாய் விரித்த படகும் அச்சடித்திருந்தது. உள்ளே படகு இல்லை. எண் போட்ட மெல்லிய பலகைகளும், குச்சிகளும், ஒரு முழம் துணியும், நூல்கண்டும், காய்ந்து கல்லாகிப் போன ஒரு பசைக்குழாயும், யாருக்கும் தெரியாத பாஷையில் எழுதிய ஒரு பெரிய படத்தாளும் இருந்தன.

கொண்டுவந்தவர் மங்கலம்பேட்டை ஜாபர் மாமா. அப்பாவோடு ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர், பிறகு வளைகுடாவுக்குக் கார் ஓட்டப் போனவர். அவர் கார் ஓட்டிய வீட்டுப் பையன் பிறந்தநாளுக்கு வந்த அந்தப் பெட்டியைப் பிரிக்காமலே வெளியே போட்டிருக்கிறான். தன் மகனுக்கென்று இவர் அதைச் சுமந்து வந்தால், மகன் கிரிக்கெட் மட்டைதான் வேண்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டானாம். இப்படி இரண்டு பையன்கள் வேண்டாம் என்று தள்ளியதுதான் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

"என்னா பாய், கப்பல மூட்ட கட்டிக் கொண்டாந்துருக்க?" என்று அப்பா கேட்டார்.

"நீயே கட்டிக்கணும் மச்சான். அங்க கப்பலயும் கிலோ கணக்குலதான் குடுக்குறான்."

அப்பா சிரித்தார், சிரிப்பு இருமலானது, இருமல் நிற்கும்வரை ஜாபர் மாமா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா அப்போது வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். கம்பெனியில் அவருக்கு "மில்லு" வேலை. வெள்ளைக் கல்லை மாவாக அரைக்கிற பெரிய உருளைக்குள் கல்லைக் கொட்டுவதும், அரைத்ததை வாரி மூட்டை கட்டுவதும். முகத்தில் ஒரு துண்டு கட்டிக்கொள்வார். மாலையில் புருவமும் கண்ணிமையும் வெளுத்து, கிழவர் வேஷம் போட்டவர் போல வருவார். சின்ன வயதில் அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. பிறகு மாடு பூட்டிய வண்டி மேடேறுவது போல மூச்சு விட ஆரம்பித்தார். முதலில் காசநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "கல்லுத்தூள் நெஞ்சுல படிஞ்சிருக்கும்மா. படிஞ்சது போவாது. இனிமே படியாம பாத்துக்குங்க" என்றார். அம்மா அதைச் சொல்லுக்குச் சொல் திருப்பிச் சொன்னாள், பாடம் ஒப்பிப்பது போல. அப்பாவுக்கு நினைவிருந்தது மாத்திரை மட்டும், மாத்திரை தின்றால் தீர்ந்துவிடும் நோய்தான் என்று.

உட்கார்ந்து பார்க்கிற வேலை ஏதாவது கொடுங்கள் என்று அம்மா போய்க் கேட்டாள். உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கெல்லாம் பெண்கள் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்துப் பொம்மைக் கம்பெனியில் அப்படி உட்கார்ந்து பார்க்கிற பெண்களில் ஒருத்திதான் அம்மா. அச்சில் வார்த்தெடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகளின் விளிம்புகளை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து வழவழப்பாக மழுப்புவது அவள் வேலை. அவள் துடைத்த பொம்மையில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. அதை அப்பாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அம்மா வேலை முடிந்து வரும்போது மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

அன்று ஜாபர் மாமா கிளம்பும்போது, "வர வழியில மேஸ்திரியப் பாத்தேன் மச்சான். சேகரு வருவானா, வேற ஆளப் போட்டுடவான்னு கேக்குறாரு" என்றார்.

அப்பா பெட்டியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "இத கட்டி முடிச்சதும் வரேன்னு சொல்லு."

"வெளயாடாத."

"வெளயாட்டு இல்ல பாய். கையில தெம்பு இருந்தாதான இத கட்ட முடியும்? இத கட்டிட்டன்னா மில்லுக்கும் போவ முடியும். சொல்லிடு."

அடுப்படியில் இருந்த அம்மா எழுந்து வந்து, "அண்ணே, அப்படியெல்லாம் போயி சொல்லிடாதீங்க" என்றாள். ஜாபர் மாமா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "நான் யாருகிட்டயும் எதுவும் சொல்லல தங்கச்சி" என்று செருப்பை மாட்டினார். ஆனால் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. இரண்டு நாளில் தெருவுக்கே தெரிந்துவிட்டது. டீக்கடைக்குப் போனால், "பாப்பா, உங்கப்பன் கப்பலு எந்த மட்டுல இருக்குது?" என்று கேட்டார்கள். அப்பாவின் நெஞ்சைப் பற்றிக் கேட்கக் கூச்சப்பட்டவர்களுக்குக் கப்பலைப் பற்றிக் கேட்பது சுலபமாக இருந்தது.

பள்ளிக்கூட விடுமுறை அது. மாத்திரை அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்குவது போல, பலகையில் வெட்டியிருந்த துண்டுகளை அப்பா கட்டைவிரலால் அழுத்தி எடுப்பார்; நான் எண் பார்த்து அடுக்குவேன். பாஷை தெரியாவிட்டாலும் படம் தெரிந்தது. நீளமான அடிக்கட்டையை நிறுத்தி, அதன் மேல் வரிசையாக விலா எலும்புகள் போன்ற வளைவுகளைச் செருகி, தச்சர்கள் ஒட்டுகிற வெள்ளைப் பசையை ஹார்டுவேர் கடையிலிருந்து கொஞ்சம் வாங்கி வந்து ஒட்டினோம். ஒட்டி முடித்ததும் அது படகு போல இல்லை. ஆஸ்பத்திரியில் வெளிச்சத்தில் காட்டிய படம் போல இருந்தது. அப்பாவுக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். விரலால் ஒவ்வொரு விலாவாகத் தட்டி, "இதுல தூசி இல்ல, பாத்தியா" என்று சொன்னார்.

தூசி அடுத்த வாரம் வந்தது. விலாக்களின் மேல் மெல்லிய பட்டைகளை ஒட்டி மூடிய பிறகு, உப்புத்தாளால் தேய்த்து மட்டம் செய்ய வேண்டும் என்று படத்தில் இருந்தது. அப்பா தேய்த்தார். முற்றத்து வெயிலில் மாவு மாவாக மரத்தூள் எழுந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் தரையில் கையூன்றிக் குனிந்துவிட்டார்; முதுகு ஏறி ஏறி இறங்கியதே தவிர உள்ளே காற்று போகவில்லை. வேலையிலிருந்து வந்த அம்மா உப்புத்தாளைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள். "கல்லுத்தூளு பத்தலைன்னு கட்டத்தூளு வேறயா? யாருக்காக இந்த எழவு?" என்று கத்தினாள். பிறகு அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, முதுகைத் தடவிக்கொண்டே, கோபம் அடங்கிய குரலில், "தொடச்சா போதும். தேய்க்கக் கூடாது" என்றாள்.

அது எங்களுக்கு நியாயமாகப் பட்டது. எங்கள் தொழிலில் காய்ந்ததை யாரும் வறட்டுக்குத் தேய்ப்பதில்லை. தூசி பறக்கும், பொம்மையும் விரிசல் விடும். ஈர ஸ்பாஞ்சால் துடைத்துத் துடைத்துத்தான் மழுப்புவார்கள். துடைத்ததை முதலில் நிழலில் வைத்து, பிறகு சூளையின் மேல்தளத்தில் வைத்தால் அந்த வெதுவெதுப்பில் இறுகிவிடும். நனைந்தது எதுவானாலும் சூளை மேல் வைத்தால் சரியாகிவிடும் என்பது எங்கள் தெருவின் நம்பிக்கை. பள்ளிக்கூடப் புத்தகம் மழையில் நனைந்தால்கூட அங்கேதான் கொண்டுபோய் வைப்போம். அம்மா படகை மடியில் வைத்து, ஒரு பச்சைப் பொம்மையைத் துடைப்பது போலவே நிதானமாக, தண்ணீர் தொட்டுத் தொட்டுத் துடைத்தாள். மரம் உண்மையிலேயே வழவழப்பானது. அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம். அம்மா அதைத் தன் கம்பெனிக்குக் கொண்டுபோய்ச் சூளை மேல் வைத்துவிட்டு வந்தாள்.

ஒரு தச்சர் வீட்டுப் பிள்ளை இதைப் படித்தால் இந்த இடத்திலேயே சிரித்துவிடும். மறுநாள் மாலை அம்மா முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்ததைப் பிரித்தபோது, பசை விட்டுப் போய், பட்டைகள் ஒன்றுக்கொன்று எதிராக முறுக்கிக்கொண்டு, உள்ளிருந்த விலாக்கள் வெளியே தெரிந்தன. மண் இறுகும் இடத்தில் மரம் விட்டுப் போகும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அம்மா வேண்டுமென்று செய்யவில்லை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிரித்துப் பார்த்த கணத்தில் அவளுக்கும் கண் கலங்கியது. ஆனால் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த பிறகு, அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றவளின் முகத்தில் மெல்ல ஓர் ஆறுதல் வந்து உட்கார்ந்தது. படகு முடியாவிட்டால் மில்லு இல்லை. அதை அவள் அப்போதுதான் கண்டுபிடித்தாள் என்று நினைக்கிறேன்.

அப்பா ஒரு வாரம் படுத்திருந்தார். பிறகு ஒரு காலையில் எழுந்து உட்கார்ந்து, "பாப்பா, அம்மா கம்பெனியில மோல்டு செய்யிற பிளாஸ்டர் மாவு கெடக்கும், கொஞ்சம் கேட்டு வாங்கியா" என்றார். பொம்மை அச்சு செய்கிற வெள்ளை மாவு அது. அதையும் தூசி பறக்காமல் என்னைத்தான் கரைக்கச் சொன்னார். தான் வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். பசையும் பிளாஸ்டரும் கலந்த குழம்பை இடுக்கு இடுக்காக விரலால் அப்பினார். முறுக்கிய பட்டைகளை நூலால் இழுத்துக் கட்டி, கட்டின நூலின் மேலும் அப்பினார். இடது பக்கம்தான் அதிகம் பிளந்திருந்தது. அங்கே பிளாஸ்டரும் அதிகம். ஜன்னலுக்கு அடித்து மீந்த நீலப் பெயிண்டை மூன்று கை பூசினார். துணியைப் பாயாகக் கட்டினார். ஆடி மாதத்தில் படகு முடிந்துவிட்டது. என் கை நீளம் இருந்தது. தூக்கினால் அம்மிக் குழவி போலக் கனத்தது.

"திங்கக்கெழம போறேன்" என்றார் அப்பா.

அம்மா கூலிக்கு வீட்டுக்குக் கொண்டுவந்த பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தாள். நிமிராமல், "எங்க?" என்றாள்.

"அதான் முடிஞ்சிடுச்சில்ல."

"தண்ணியில வுட்டுப் பாத்தீங்களா?"

"அதுக்கென்னா?"

"சூளையத் தொறக்காம சரக்கு முடிஞ்சிதுன்னு யாராவது சொல்லுவாங்களா? இது மட்டும் எப்படி முடிஞ்சிதாவும்?"

எங்கள் தெருவில் அந்த வழக்கத்தை யாரும் மீறமாட்டார்கள். எத்தனை அழகாக வார்த்திருந்தாலும் சூளையைத் திறந்து கையில் எடுக்கும்வரை அதைச் சரக்கு என்று சொல்லமாட்டார்கள், கணக்கில் சேர்க்கமாட்டார்கள். அப்பாவும் அந்தத் தொழில்காரர்தானே.

"குண்டான்ல வுட்டுப் பாக்கலாமே" என்றேன் நான்.

"குண்டான்ல எறும்புகூடதான் மெதக்கும். போடி" என்றாள் அம்மா.

அப்பாவே, "ஆத்துலதான் வுடணும்" என்று சொன்னார். எங்கள் ஊர் மணிமுத்தாற்றில் அப்போது மணலும் கருவேல முள்ளும்தான் கிடந்தன. ஐப்பசி பிறந்தால்தான் தண்ணீரை நினைக்கலாம், அதுவும் நிச்சயமில்லை. அம்மா குனிந்து அடுத்த பொம்மையை எடுத்தாள். அந்தப் பொம்மையின் கண் ஒன்று பெரிதாகிவிட்டது.

அந்த மூன்று மாதங்களில் என் அம்மா மழைக்கு விரோதியானாள். ஊரெல்லாம் மேகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு அக்கா, "எப்பக்கா மழ வரும், போர்ல தண்ணி கீழ போயிடுச்சே" என்று கேட்டால், "வராதுடி. மேகமெல்லாம் திட்டக்குடி பக்கம் போவுது" என்று ஏதோ தன் கையால் ஓட்டிவிட்டவள் போலச் சொல்வாள். குழாயடியில் சண்டை போட்டுத் தண்ணீர் பிடித்துக்கொண்டுதான் அதையும் சொன்னாள்.

வேதனை என்னவென்றால், அந்த மாதங்களில் அப்பாவுக்கு உடம்பு கொஞ்சம் தேறியது. தூசி இல்லை, அதனால் இருமல் குறைந்தது. டீக்கடைவரை நடந்தார், பிறகு பஸ் ஸ்டாண்டுவரை நடந்தார். வரும்போது நிற்காமல் வந்தேன் என்று வாசலிலேயே அறிவிப்பார். அம்மா அதைப் பார்த்து, போகாமல் இருப்பதால்தானே தேறுகிறது என்றாள். அப்பா அதையே பார்த்து, தேறிவிட்டதால் போகலாம் என்றார். இரண்டு பேரும் ஒரே உடம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜாபர் மாமா விடுமுறை முடிந்து புறப்படும்போது, "மச்சான் மொகத்துல ரத்தம் வந்துருக்கு" என்றார். அப்பா அந்த வார்த்தையைத் தீபாவளிவரை வைத்திருந்து எல்லோரிடமும் சொன்னார்.

தீபாவளிக்குப் பிறகு மழை பிடித்தது. விடாமல் பெய்தது. ஆற்றில் முதலில் கலங்கலாக ஒரு கோடு, பிறகு கரை முழுக்க. பாலத்தின் மேல் ஜனம் வேடிக்கை பார்த்தது. அப்பா படகைத் தோளில் துண்டு போட்டு அதன் மேல் வைத்துக்கொண்டு நடந்தார், நான் பின்னால், கொஞ்ச தூரம் விட்டு அம்மா.

"என்னா சேகரு, கப்பலு கடலூருக்கா, சிலோனுக்கா?" என்று பாலத்திலிருந்து ஒருவர் கத்தினார்.

"டிக்கெட்டு எடுத்துட்டு வா, சொல்றேன்!"

"மொதல்ல மெதக்குமான்னு பாருய்யா!"

கரையில் இறங்கும்போது அம்மா, "ஒரு கயிறாவது கட்டுங்க" என்றாள். "கயிறு கட்டுனா அது கப்பல் இல்ல, கன்னுக்குட்டி" என்று சொல்லிவிட்டு, முழங்கால் தண்ணீரில் நின்று அப்பா படகை இறக்கினார். கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். பிறகு எடுத்தார். படகு இடது பக்கம் சாய்ந்தது. அப்படியே முக்கால்வாசி சாய்ந்து, தண்ணீர் விளிம்பைத் தொடும் அளவுக்குப் போய், அங்கே நின்றது. நிமிரவில்லை, கவிழவும் இல்லை. ஒரு தோள் இறங்கிய ஆள் நடப்பது போலச் சாய்ந்தபடியே புறப்பட்டுப் போக ஆரம்பித்தது.

"மெதக்குது" என்றாள் அம்மா. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொன்னாளே, அதே குரல்.

அப்பா கரையேறி அதன் கூடவே ஓடினார். ஆமாம், ஓடினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சேற்றில் வழுக்கி வழுக்கி, பாலம்வரை ஓடி, மேலே இருந்தவர்கள் கைதட்டியதும் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். படகு பாலத்துக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போய், முள்ளில் ஒருமுறை மாட்டி, விடுபட்டு, திருப்பத்தில் மறைந்தது. அதற்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. அவர் திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது, ஆனால் இருமவில்லை.

"பாத்தியா?" என்றார் அம்மாவிடம்.

"இன்னொரு தடவ வுட்டுப் பாப்போம்" என்றாள் அவள்.

"எத வுட்டுப் பாக்குறது? அதான் போயிடுச்சே."

அம்மா ஆற்றைப் பார்த்தாள்.

திங்கட்கிழமை அப்பா மில்லுக்குப் போனார். புதுத் துண்டு ஒன்றை அம்மாவே நான்காக மடித்து முகத்தில் கட்டிக்கொள்ளக் கொடுத்தாள். முதல் மாதம் சந்தோஷமாகத்தான் இருந்தார். பொங்கலுக்கு எனக்குப் பாவாடை எடுத்தார். சித்திரையில் மறுபடி கையூன்றிக் குனிய ஆரம்பித்தார். மறு வருஷ மழையை அவர் பார்க்கவில்லை. கடைசி நாட்களில் படுக்க முடியாது, உட்கார்ந்தேதான் இருந்தார், தலையணைகளை அடுக்கி அதன் மேல் கவிழ்ந்து. மேஸ்திரி வந்து பார்த்து, நல்ல ஆளு, சொன்ன சொல்லு தவறாத ஆளு என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் எட்டாவதோடு நின்றேன். திருப்பூரில் பனியனுக்குப் பிசிறு வெட்டினேன், எர்ணாகுளத்தில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொண்டேன், கடற்கரை ஊர்களில் இறால் உரித்தேன். ஓர் இடத்தில் இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை, இருக்க முடியவும் இல்லை. இறால் கொட்டகைகளுக்குப் பக்கத்தில் படகு கட்டுவார்கள். புதுப் படகை முதன்முதலாகத் தண்ணீரில் தள்ளும் நாளில் தேங்காய் உடைத்து, வெடி போட்டு, கூட வேலை செய்கிற பெண்களெல்லாம் கையைக் கழுவிக்கொண்டு கரைக்கு ஓடுவார்கள். நான் போகமாட்டேன். எல்லோரும் ஒரே வாயாகக் கத்தும்போது, மிதந்துவிட்டது என்று தெரிந்துகொள்வேன். கையில் இருக்கும் இறாலை உரிப்பேன்.

இந்த முறை ஊருக்குப் போயிருந்தேன். அப்பா வேலை பார்த்த கம்பெனியின் கூரை இல்லை, உருளைகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சுவர் மட்டும் நிற்கிறது, அதன் வெள்ளை இன்னும் மழையில் கரைந்து முடியவில்லை. படகை விட்ட இடத்தில் மணல் இல்லை, கரையும் இல்லை. கோரைப் புல்லும் குப்பையும் மண்டி, எங்கே இறங்கினோம் என்று என்னால் காட்ட முடியவில்லை. அப்பாவின் போட்டோ ஒன்று இருந்தது, அதுவும் பூஞ்சை பிடித்து முகம் போய்விட்டது. அம்மாவுக்கு விரல்கள் மடங்குவதில்லை, பொம்மை துடைப்பதை விட்டுவிட்டாள்.

அம்மா இத்தனை வருஷத்தில் கம்பெனியைத் திட்டி நான் கேட்டதில்லை. சாமியை, டாக்டரை, ஜாபர் மாமாவை, அப்பாவைக்கூடத் திட்டியதில்லை. நான் கிளம்ப நின்றபோது வெளியே தூறிக்கொண்டிருந்தது. வாசற்படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், யாரோ அப்போதுதான் கேட்டதற்குப் பதில் சொல்வது போல, "பொளந்து போன கப்பல அப்படியே வுட்டிருக்கலாம். எடுத்து வச்சி ஒட்டுனாரு. அதயாவது கொஞ்சம் தப்பா ஒட்டியிருக்கக் கூடாதா உங்கப்பன்?" என்றாள்.

கடலூர் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.